தொழிற்சாலை வளாகங்களில் களைக்கொல்லி: மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முந்தைய இந்த வாரங்களில், துணைமின் நிலையங்கள், எண்ணெய்க் கிடங்குகள், சூரிய மின் நிலையங்கள், தொழிற்பேட்டைகள் ஆகியவற்றில் புல் பூண்டுகளை அகற்றும் வேலைக்கு ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்படுகின்றன. நான் பார்க்க நேர்ந்த சில ஒப்பந்த ஆவணங்களில் இந்த வேலையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: ஓராண்டுக் காலத்துக்குக் களை முளைக்காதபடி மருந்து தெளித்துத் தர வேண்டும் என்பதே அது. எந்த மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு, எந்த மாதத்தில், எந்த மண்ணில் என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை. மிகக் குறைந்த விலைக்கு வேலையை எடுத்தவர், கடையில் கிடைப்பதில் மலிவானதும் மண்ணில் நெடுநாள் கிடப்பதுமான ஒன்றை வாங்கி, அளவைக் கூட்டி ஊற்றிவிட்டுப் போவதற்கு இந்த ஒரு வரியே வழி திறந்துவிடுகிறது. வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், தொழிற்பேட்டைக்கு அருகில் கிணற்றுப் பாசனம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையிலும், இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

இந்த வளாகங்களில் களையை அகற்றுவது தேவையற்ற வேலை என்று நான் சொல்லவில்லை. துணைமின் நிலையத்தின் தரையில் பரப்பியிருக்கும் ஜல்லி அழகுக்காகப் போடப்பட்டதன்று. மின்கோளாறு நேர்ந்து பெரும் மின்னோட்டம் பூமிக்குள் பாயும் நொடியில், அங்கே நிற்பவரின் இரு கால்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. ஈரத்திலும் மின்தடை மிகுந்த ஜல்லி அடுக்கு, அந்த மின்சாரம் உடலுக்குள் ஏறாமல் காக்கிறது. வழக்கமாக 8 முதல் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு இடப்படும் இந்த அடுக்கின் இடுக்குகளில் களை வளர்ந்து, காய்ந்து, மட்கி மண்ணாக மாறும்போது அந்தக் காப்பு குறைந்துகொண்டே போகிறது. எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றிக் கோடையில் காய்ந்து நிற்கும் புல் தீக்கு எரிபொருள். சூரிய மின்தகடுகளின் கீழ்விளிம்பைத் தாண்டி வளரும் செடி ஒரு வரிசையின் உற்பத்தியையே குறைக்கும். பாம்புக்குப் பயந்து இரவில் துணைமின் நிலையத்தின் திறந்தவெளி முற்றமான சுவிட்ச்யார்டுக்குள் இறங்கத் தயங்கும் பணியாளர்களின் நிலையும் நாம் அறிந்ததே. ஆகவே களை போக வேண்டும். எதைக் கொண்டு போக்குவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

நீண்டகாலக் கட்டுப்பாடு என்று சொல்லும்போது இருவேறு வேலைகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். நிற்கும் செடியை வேரோடு சாகடிப்பது ஒன்று. மண்ணில் கிடக்கும் விதை முளைக்காமல் தடுப்பது மற்றொன்று. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இவற்றில் முதல் வேலையை மட்டுமே செய்யும். இலை வழியே நுழைந்து வேருக்கும் கிழங்குக்கும் இறங்கிச் செடியைக் கொல்லும் அந்த மருந்து, மண்ணைத் தொட்டவுடன் மண் துகள்களோடு இறுக ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். அடுத்த மழையில் முளைக்கும் விதையை அது ஒன்றும் செய்யாது. இது தெரியாமல், இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு நாள் தாங்கும் என்று நினைத்துச் செலவழிக்கிறவர்கள் பலர். அதே மருந்து சரியாக வேலை செய்யாமல் போவதற்கும் காரணங்கள் நம் ஊரிலேயே உள்ளன. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரிலுள்ள சுண்ணமும் மக்னீசியமும் கிளைபோசேட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கலங்கிய குட்டை நீரும், சிமென்ட் ஆலை, அனல்மின் நிலைய வளாகங்களில் இலைமேல் படிந்திருக்கும் தூசியும் அதே கேட்டைச் செய்யும். பார்த்தீனியம் என்ற களைச்செடிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் கலவையில், ஒரு லிட்டர் நீருக்கு 10 மில்லி கிளைபோசேட்டோடு 20 கிராம் அமோனியம் சல்பேட்டும் சேர்க்கச் சொல்லியிருப்பது கடினநீரில் மருந்தின் வலிமையைக் காப்பதற்கும் உதவும். இந்த மலிவான உரத்தைச் சேர்க்காமல் மருந்தின் அளவை மட்டும் கூட்டுவது வீண்.

விதை முளைக்காமல் தடுக்கும் மருந்துகளுக்கு வரும்போதுதான் பொறுப்பு பன்மடங்காகிறது. அட்ரசின், டையூரான், ஹெக்சசினோன், பெண்டிமெத்தலின், ஆக்சிஃபுளோர்ஃபென் ஆகியவை இவ்வகையில் கடைக்காரர்களும் ஒப்பந்ததாரர்களும் அடிக்கடி சொல்லும் பெயர்கள். இவை எல்லாமே மண்ணில் பல வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை நீடிப்பவை. ஆனால் நீடிப்பது வேறு, நகர்வது வேறு. அட்ரசின் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 33 மில்லிகிராம் கரையும். ஹெக்சசினோன் அதைப்போல் ஆயிரம் மடங்கு, அதாவது ஏறத்தாழ 33 கிராம் கரையும். பெண்டிமெத்தலின் கரைவதோ ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஆக்சிஃபுளோர்ஃபென் அதனினும் குறைவு. அட்ரசினும் ஹெக்சசினோனும் மழைநீரோடு கீழிறங்கிப் போகக்கூடியவை. பெண்டிமெத்தலினும் ஆக்சிஃபுளோர்ஃபெனும் இட்ட இடத்திலேயே மேல்மண்ணோடு ஒட்டிக் கிடப்பவை. டையூரான் இடைப்பட்டது, ஆனால் அதன் பாதியளவு அழியவே ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும் என்பதால், அதிக அளவில் இட்ட இடத்தில் அடுத்த பருவம் வரை தங்கிவிடும். தொழிற்சாலை வளாகத்துக்குத் தேவைப்படுவது நீடித்தும் நகராமல் இருக்கும் மருந்து. ஒப்பந்ததாரர் பார்ப்பதோ நீடிப்பை மட்டும்.

இதில் பிற நாடுகள் பட்ட அனுபவம் நம் கண்முன் இருக்கிறது. பிரிட்டனில் இரயில் பாதைகளிலும் சாலையோரங்களிலும் முழுக்களை ஒழிப்புக்காக ஆண்டுக்கணக்கில் தெளிக்கப்பட்ட அட்ரசினும் சிமசினும் குடிநீர் ஆதாரங்களில் தென்பட்டதால், வேளாண்மை அல்லாத இடங்களில் அவற்றைப் பயன்படுத்துவது 1993இல் நிறுத்தப்பட்டது. வயலில் தெளித்ததைக் காட்டிலும் ஜல்லியிலும் கடினத் தரையிலும் தெளித்தது எளிதாக நீரில் சேர்ந்தது என்பதே அதிலிருந்து கிடைத்த பாடம். பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் அட்ரசினை முழுவதுமாகவே விலக்கிவிட்டது. நம் நாட்டின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இன்படி, ஒரு லிட்டர் நீரில் அட்ரசின் 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. இந்தக் கணக்கை வாசகர்கள் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டுகிறேன்: ஒரே ஒரு கிலோ அட்ரசின் முழுவதும் நீரில் சேர்ந்தால், 50 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். மண்ணில் இடுவது முழுவதும் கிணற்றுக்குப் போய்விடாது என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு போகும் என்பதைத் தீர்மானிப்பது அந்த இடத்தின் மண்.

கரிசல் மண்ணில் களியும் ஓரளவு மட்கும் இருப்பதால் மருந்து பிடித்து நிறுத்தப்படும். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பகுதியின் தேரி மணலிலும், இராமநாதபுரம் கடற்கரை மணலிலும் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அங்கே இட்டது நேரே கீழே இறங்கும். ஜல்லி பரப்பிய யார்டில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் ஜல்லிக்கு உறிஞ்சும் தன்மையே கிடையாது. ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டும் மழை அதன்மேல் கிடக்கும் மருந்தை வடிகாலுக்கும், வடிகாலிலிருந்து கண்மாய்க்கும் கொண்டுபோய்விடும். கரிசலில் இடும் அளவையே மணலிலும் ஜல்லியிலும் இடலாம் என்று எந்த மண்ணியல் அறிந்தவரும் சொல்லமாட்டார். மாவட்டம்தோறும் மண் பரிசோதனை நிலையம் இருக்கும் நம் மாநிலத்தில், இலட்சக்கணக்கான ரூபாய்க்குக் களை ஒழிப்பு ஒப்பந்தம் விடும் நிறுவனம் தன் வளாகத்து மண்ணைப் பரிசோதித்துக்கொள்வது பெரிய செலவன்று.

இன்னொரு கேடு வேலிக்கு அப்பால் நிகழ்வது. மரத்தின் வேர் அதன் நிழலோடு நிற்பதில்லை. கிளைப்பரப்பைத் தாண்டியும் வெகுதூரம் ஓடுகிறது. எங்கள் பகுதியில் ஒரு தொழிற்கூடத்தின் சுற்றுச்சுவருக்கு உட்பக்கம் மண்வழிச் செயல்படும் மருந்தைத் தாராளமாக இட்ட ஆண்டில், சுவருக்கு வெளியே சாலையோரம் நின்ற வளர்ந்த வேம்புகள் மேலிருந்து கீழாகக் கருகின. வேர் அந்தப் பக்கம் போயிருந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. என்ன மருந்து இட்டீர்கள் என்று கேட்டபோது, ஒப்பந்ததாரரிடமும் நிறுவனத்திடமும் பதிவேடு எதுவும் இல்லை. காற்றில் பரவும் மருந்துகளையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும். 2,4-டி என்ற களைக்கொல்லியில் எளிதில் ஆவியாகும் எஸ்டர் வகையின் ஆவியே பருத்தி இலையைச் சுருட்டிவிடும். தக்காளிக்கும் திராட்சைக்கும் அதே கதிதான். விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் தொழிற்பேட்டையின் வேலியை ஒட்டியே பருத்திக்காடு இருக்கிறது. அங்கே இந்த எஸ்டர் வகையை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு களைக்கொல்லியும் குறிப்பிட்ட பயன்பாட்டுக்காகவே பதிவு செய்யப்படுகிறது. கிளைபோசேட் தேயிலைக்கும் பயிரிடாத நிலத்துக்கும் பதிவானது. அட்ரசின் மக்காச்சோளம் போன்ற பயிர்களுக்கானது. பயிருக்கென்று பதிவான மருந்தைச் சுவிட்ச்யார்டில் கொட்டும்போது, மருந்துப் புட்டியின் விவரச்சீட்டில் எழுதப்பட்ட அளவுக்கும் எச்சரிக்கைக்கும் பொருளே இல்லாமல் போகிறது. கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்புப் பணியாளர்களே கையாள வேண்டும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2022 அக்டோபரில் ஆணையிட்டது. அதற்கு முன் 2020 மே மாதம் தடைசெய்வதற்காக வெளியிடப்பட்ட 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில் அட்ரசின், டையூரான், 2,4-டி மட்டுமன்றி, நான் மேலே ஓரளவு பாதுகாப்பானவை போலக் குறிப்பிட்ட பெண்டிமெத்தலினும் ஆக்சிஃபுளோர்ஃபெனும்கூட இருந்தன. பின்னிரண்டும் நீரில் கரையாவிட்டாலும், மண்ணரிப்போடு கண்மாயில் சேர்ந்தால் மீனுக்கு நஞ்சு. எதையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்க இயலாது.

கிளைபோசேட்டைப் பற்றி ஒரு குறிப்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அதை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது என்று வகைப்படுத்தியது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் வேறு முடிவுக்கு வந்தன. இலங்கை 2015இல் அதைத் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இரப்பருக்கும் தளர்த்தி, 2022இல் தடையை நீக்கியது. ஜெர்மனியின் இரயில்வே 2023 முதல் தன் பாதைகளில் அதைத் தவிர்ப்பதாக அறிவித்தது. இந்த விவாதம் முடியும்வரை, கையுறையும் முழுக்கை உடையும் காலணியும் இல்லாமல் தினக்கூலிப் பெண்களின் முதுகில் தெளிப்பானை ஏற்றி அனுப்பும் வழக்கத்தையாவது நாம் நிறுத்தலாம். பாராகுவாட் என்ற மற்றொரு களைக்கொல்லியைப் பொறுத்தவரை எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அது இலையை ஒரே நாளில் கருக்கிக் காட்டுவதால் மேற்பார்வையாளர்களுக்குப் பிடிக்கும். வேரைக் கொல்லாது என்பதால் அடுத்த மழையில் எல்லாம் திரும்பத் தழைக்கும். ஒரு மிடறு உள்ளே போனாலும் உயிரைக் குடிக்கக்கூடிய அந்த நஞ்சுக்கு மாற்றுமருந்து இல்லை. கேரளம் 2011இலேயே அதைத் தடை செய்தது. நீண்டகாலக் கட்டுப்பாட்டுக்கு உதவாத, ஆளைக் கொல்லும் ஒரு மருந்துக்குத் தொழிற்சாலை வளாகத்தில் என்ன வேலை?

மருந்துக்குப் பதிலாக உப்பைக் கொட்டுவதும், கழிவு எண்ணெயை ஊற்றுவதும் சில இடங்களில் நடக்கின்றன. பார்த்தீனியத்துக்கு 20 விழுக்காடு உப்புக் கரைசல் சாலையோரங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டதுதான். ஆனால் இரும்புத் தூண்களும் புதைத்த பூமி இணைப்புக் கம்பிகளும் உள்ள துணைமின் நிலையத்தில் உப்பு அவற்றை அரித்துத் தின்னும். கழிவு எண்ணெய் தீக்கும் துணை, நிலத்தடி நீருக்கும் கேடு. முற்காலத்தில் சில நாடுகளின் இரயில்வேக்கள் ஆர்சனிக் சேர்மங்களைக் களைக்கொல்லியாகப் பயன்படுத்தின. அந்த ஆர்சனிக் இன்றும் அந்தப் பாதையோர மண்ணில் கிடக்கிறது. மிக நீண்டகாலம் தாங்கும் மருந்து எதுவென்று கேட்டால், அதற்கு இப்படியும் ஒரு பதில் உண்டு.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்வது இது. ஆளுயரம் வளர்ந்த புல்மீது மருந்தடிப்பது எப்போதும் தவறு. அது செத்துக் காய்ந்து தீப்பிடிக்கும் பொருளாக நிற்கும், மட்கினால் அடுத்த தலைமுறைக் களைக்கு மண்ணாகும். முதலில் வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். ஆவணி, புரட்டாசியின் முதல் மழைகளுக்குப் பிறகு ஒரு சாண் உயரம் தழைத்து வரும் இளந்துளிர்மீது, ஆறு மணி நேரமாவது மழை வராத நாளில், காற்றில்லாத காலைப்பொழுதில், தட்டை விசிறி முனையைப் பொருத்திய கைத்தெளிப்பானால், குறைந்த அழுத்தத்தில் கிளைபோசேட்டைத் தெளிக்கலாம். பூச்சிமருந்துக்குப் பயன்படும் கூம்பு முனை நுண்ணிய புகைபோலத் தூவுவதால் காற்றில் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். அதன்பின், மண்ணாலான பகுதிகளில் மட்டும், ஐப்பசியின் அடைமழைக்கு முன்னதாக, விதை முளைக்காமல் தடுக்கும் முளைமுன் களைக்கொல்லிகளில் நகராத வகையைச் சேர்ந்த ஒன்றை, அது அந்தப் பயன்பாட்டுக்குப் பதிவானதா என்று வேளாண்மை அலுவலரிடம் உறுதிசெய்துகொண்டு இடலாம். இலேசான தூறல் விழும் நாள் அதற்கு உகந்தது. கனமழை எச்சரிக்கை உள்ள நாள் ஆகவே ஆகாது. வடிகாலிலிருந்தும் கிணற்றிலிருந்தும் மரங்களிலிருந்தும் விலகி நிற்க வேண்டிய தூரத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜல்லி யார்டில் முளைமுன் மருந்தை நம்புவதைவிட, ஜல்லிக்கு அடியில் நெய்த விரிப்பைப் போடுவதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜல்லியை அள்ளிச் சலித்துக் கழுவிப் பரப்புவதும் நீடித்த பலன் தரும். முதற்செலவு கூடுதல்தான், ஆனால் மண் சேராத ஜல்லியில் களை பிடிப்பதே அரிது, மின்காப்பும் மீள்கிறது. கோரைக்கு ஒரே தெளிப்பில் தீர்வு எந்த மருந்திலும் இல்லை. நிலத்தடியில் உறங்கும் கிழங்குகள் மறுபடி மறுபடி எழும், இளந்தாளில் திரும்பத் திரும்ப அடித்தே அதைத் தளர்த்த முடியும். சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் பல தண்டுகளாகத் தழைக்கும். தரைக்குக் கீழே ஓரடி ஆழம் வரை அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தால்தான் அது ஓயும், கன்றாக இருக்கும்போது பிடுங்குவது இன்னும் எளிது.

கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைப் போல ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரியும் வளாகங்களுக்குக் களைக்கொல்லியே முதல் வழி என்று கருதத் தேவையில்லை. இராமநாதபுரம் சீமை, ஊர் ஊராக ஆடு மேய்த்துச் செல்லும் கீதாரிகளின் ஊர். செம்மறிகள் தகடுகளின் மேல் ஏறுவதில்லை, வெள்ளாட்டைப் போல வயரைக் கடிப்பதும் குறைவு. முறையாக ஒப்பந்தம் செய்து மழைக்குப்பின் செம்மறிகளை மேயவிட்டால் புல் மட்டுப்படும், மேய்ச்சல் நிலம் சுருங்கிவரும் கீதாரிகளுக்கும் பிழைப்பாகும். ஆனால் மண்ணில் தங்கும் களைக்கொல்லியை ஒருமுறை இட்டுவிட்டால் அந்த இடத்தில் ஆட்டை விட முடியாது என்பதால், இந்த முடிவை மருந்து வாங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். பார்த்தீனியம் மண்டிய இடத்தில் ஆடு மேயாது. அங்கே அது பூப்பதற்கு முன் வேறுவகையில் அகற்றுவதே வழி.

ஆண்டுதோறும் ஒரே மருந்தையே அடித்தால் அதற்கு அடங்காத களைகள் மட்டும் எஞ்சிப் பெருகும். கிளைபோசேட்டுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற முதல் களை 1996இல் ஆஸ்திரேலியாவில் பதிவானது. இன்று பல நாடுகளின் இரயில் பாதைகளிலும் அத்தகைய களைகள் உண்டு. வெட்டுதல், மேய்ச்சல், விரிப்பு, மருந்து ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கையாள இதுவே போதுமான காரணம்.

எனவே தொழில்துறை, மின்சாரத் துறை அதிகாரிகளுக்கும், தனியார் நிறுவன மேலாளர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் இது. ஓராண்டுக்குக் களை முளைக்கக்கூடாது என்ற வரியை ஒப்பந்தப்புள்ளியிலிருந்து நீக்குங்கள். அதற்குப் பதிலாக ஆண்டுக்கு இத்தனை முறை வந்து பார்த்து வேலை செய்ய வேண்டும் என்று எழுதி, ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியே பணம் கொடுங்கள். மருந்தின் வேதிப்பெயர், ஒரு ஏக்கருக்கான அளவு, தெளிக்கும் மாதம், தெளிக்கக்கூடாத பகுதிகள் ஆகியவற்றை நிறுவனமே, வேளாண் பட்டதாரி ஒருவரின் கையொப்பத்துடன் முடிவுசெய்யட்டும். ஒப்பந்ததாரர் அதை நிறைவேற்றட்டும். தெளித்த நாள், வானிலை, பயன்படுத்திய அளவு, காலிப் புட்டிகள் போன இடம் ஆகியவை பதிவேட்டில் இருக்கட்டும். அக்கம்பக்கத்து விவசாயி கேட்டால் அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள். மழை முடிந்ததும் வேலியோரத்து மண்ணில் கொஞ்சமும், மருந்து படாத இடத்து மண்ணில் கொஞ்சமும் எடுத்து, இரு தொட்டிகளில் வெள்ளரி விதை ஊன்றி மூன்று வாரம் பார்த்தால், மருந்து எல்லை தாண்டியிருக்கிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் அருகிலுள்ள கிணற்று நீரை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இந்த ஆண்டுக்கான ஒப்பந்தங்கள் இன்னும் இறுதியாகாத இடங்களில், திருத்தம் வெளியிட இப்போதும் நேரமிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வேளாண்மை அலுவலர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.